தூக்குச்சட்டியும் துணிப்பையும்



நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் முன்னாளில் குப்பை மிகக் குறைவு. எண்ணெய் வாங்கப் போத்தலும் சாமான் வாங்கத் துணிப்பையும் வீட்டிலிருந்தே கடைக்குச் சென்று திரும்பின. வேலைக்காட்டில் பசியாறும் உணவு தூக்குச்சட்டியில் சென்றது. விருந்துண்ட வாழையிலை மாட்டுக்குத் தீனியாயிற்று, எஞ்சியது எருவாயிற்று. பொருளை வீணாக்க வசதியில்லாத காலம் அது. ஆயினும் அப்பழக்கம் நல்ல பழக்கமே.

இன்று தேநீரும் குழம்பும்கூடப் பிளாஸ்டிக் பையில் வருகின்றன. சில நிமிடமே பயன்படும் அப்பை, எறிந்தபின் இலையைப்போல் மக்குவதில்லை. வெயிலில் நொறுங்கி, நுண்துகளாகி, மண்ணிலும் ஆற்றிலும் கலக்கிறது.

இதனால் நமக்கு நேரும் கேடுகள் இரண்டு. எறிந்த குவளையிலும் பையின் மடிப்பிலும் மழைநீர் தேங்குகிறது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடுகிறது. முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். வெட்டாத பால்மரத்தின் கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதும் இதனாலன்றோ?

குப்பையை வீட்டின் பின்புறம் கொளுத்துவதும் தீர்வாகாது. பிளாஸ்டிக் எரியும் புகை நச்சுப்புகை. குழந்தைகளின் நுரையீரலை அது வருத்தும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030-க்குள் ஒழிக்கும் திட்டத்தை நம் நாட்டு அரசாங்கம் 2018-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளன்று அத்தகைய பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. திருமண வீட்டிலும் துணிக்கடையிலும் கொடுத்த பழைய மஞ்சள் துணிப்பையே அங்கு மறுபடியும் மதிப்புப் பெற்றது.

எனினும் ஒன்றை மறவாதிருப்போம். புதிய துணிப்பைகளை வாங்கிக் குவிப்பதும் வீணே. பருத்தி விளையவும் நீரும் உரமும் செலவாகின்றன. பழைய சேலையிலும் கைலியிலும் பை தைத்து, அது கிழியும்வரை பயன்படுத்துவதே சிறப்பு.

ஆகவே, பெற்றோர்களே, கடைக்குப் புறப்படுமுன் பையையும் பாத்திரத்தையும் கையில் எடுங்கள். மாணவர்களே, தண்ணீர்ப் போத்தலை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி நீர் தேங்கிய பொருள்களைப் பெரியோர் துணையுடன் அகற்றுங்கள். செலவில்லாத இப்பழக்கம் நம் பிள்ளைகளைக் காய்ச்சலிலிருந்து காக்கும். நம் பாட்டிமார் அறிந்திருந்ததை நாமும் செய்வோமாக!