நாற்றங்காலில் மிதமிஞ்சி வளரும் நெல் நாற்று

புதுச்சேரியைச் சுற்றியுள்ள பாகூர், வில்லியனூர் முதலிய கிராமங்களில் நாற்றங்காலைப் பார்வையிடுவோர் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. நாற்று முழுதும் ஒரே மட்டமாய் நிற்க, இடையிடையே சில மட்டும் வெகு உயரமாய் ஓங்கி நிற்குமாயின், குடியானவர் அதுகண்டு மகிழ்வதற்கில்லை. அது செழிப்பன்று, வியாதி.

மனிதரில் மிதமிஞ்சிய வளர்ச்சிக்கு மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பி வளர்ச்சி ரசத்தை அளவுகடந்து சுரப்பதே பெரும்பாலும் காரணமாகும். 8 அடி 11 அங்குலம் வளர்ந்த அமெரிக்கரான ராபர்ட் வாட்லோ 1940-ல் தமது 22-வது வயதிலேயே இறந்தார். நெல்லிலோ செடிக்கு இயல்பாயுள்ள ரசம் போதாதென்று, உட்புகுந்த பூசணமும் அதே ரசத்தை உண்டாக்கிவிடுகிறது. ஜப்பானியர் இவ்வியாதியை 'முட்டாள் நாற்று' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். பூசணம் கக்கும் ரசமே நாற்றை நீட்டுகிறதென்பதை 1926-ல் குரோசாவா என்பவர் கண்டறிந்தார். 1935-ல் யாபுதா அதற்கு ஜிப்ரலின் எனப் பெயரிட்டார். இன்று திராட்சைக் குலைகளைப் பெரிதாக்கத் தெளிக்கப்படுவதும் இந்த ரசமே. அளவோடு நாம் கொடுப்பது வேறு, பூசணம் கொடுப்பது வேறு. சென்னை மாகாணத்தில் இவ்வியாதி தோன்றியதைக் கே. எம். தாமஸ் 1931-ல் எழுதி வெளியிட்டார்.

நோயுற்ற நாற்று மெலிந்து, வெளிறிய மஞ்சட்பச்சையாய் இருக்கும். நட்டபின் தண்டின் கீழ்க்கணுக்களிலிருந்து வேர் கிளம்பும். அடித்தண்டில் வெண்மையோ இளஞ்சிவப்போ ஆன பூசணம் படரும். பல செடிகள் கதிர் வாங்குமுன்னே மடியும். தப்பியவை பதர்க்கதிரே தரும். பூசண வித்துக்கள் காற்றில் பறந்து அயற்செடிகளின் பூக்களைப் பற்றி விதையிற் குடிகொள்வதே பெருந்தீங்கு. நாற்றுப் போதாதவர் அயலாரிடம் விலைக்கு வாங்குகையில் உயரமானதையே பொறுக்குவது வழக்கம். அதனால் வியாதியையும் காசு கொடுத்து வாங்கியவராவர். கிராம அதிகாரிகள் இதனை எடுத்துரைத்தல் நலம்.

விதைக்குமுன், புதிய கோழிமுட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதக்கும் இலேசான மணிகளை நீக்கவேண்டும். அமிழ்ந்தவற்றை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி, கிலோ ஒன்றுக்கு 2 கிராம் கார்பண்டாசிம் கரைத்த ஒரு லிட்டர் நீரில் 10 மணி நேரம் ஊறவைத்து வடித்து விதைக்கலாம். மருந்திட்டு மீந்த விதையைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது. ஓங்கிய நாற்றுகளைக் கண்டவுடன் வேரோடு பிடுங்கி எரிக்கவேண்டும். வயலில் இவ்வியாதி கண்டிருந்தால் அவ்வயலின் நெல்லை, விளைச்சல் எவ்வளவு நன்றாயிருப்பினும், அடுத்த போகத்து விதைக்கென எடுத்துவைத்தலாகாது.