ஆலோசனையும் துணையும்: அன்றாட நலவாழ்வில் உளவளத்துணையின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

உளவளத்துணை மனநோய் கண்டோர்க்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் நிலவுகிறது. நோயற்றவரும் அன்றாட நலவாழ்வு, ஆளுமை வளர்ச்சி ஆகியவற்றின் பொருட்டு அதனை நாடலாம் என்பதை உளவியல் கோட்பாடுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. இப்பணியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் 'ஆலோசனை', 'துணை' என்னும் சொற்கள் எழுப்பும் எதிர்பார்ப்புகளை ஒப்பிட்டு, பின்னதே அதன் இயல்புக்கு நெருங்கியது என நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: உளவளத்துணை, ஆலோசனை, நலவாழ்வு, ஆளுமை வளர்ச்சி, கார்ல் ரோஜர்ஸ், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், நலம் என்பதை வெறும் நோயின்மையாகக் கொள்ளாமல் உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றும் நிறைவுற்ற நிலையாக வரையறுத்தது. உடலைப் பொறுத்தவரை இக்கருத்து எளிதில் ஏற்கப்பட்டுவிட்டது. நோயில்லாதவர் நடைப்பயிற்சி மேற்கொள்வதை எவரும் வியப்புடன் நோக்குவதில்லை. உள்ளத்தைப் பொறுத்தவரை அத்தகைய ஏற்பு இன்னும் உருவாகவில்லை. உளவளத்துணையாளரைச் சந்திக்கும் ஒருவரிடம் 'என்ன நோய்?' என்பதே முதல் வினாவாக எழுகிறது. இத்தயக்கத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் சொல்வழக்கும் ஒன்று என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

நோயின்மையும் நலமும்

உளநலத்தை நோயின் எதிர்ச்சொல்லாக மட்டும் கருதலாகாது என்பதை மேரி யகோடா 1958இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார். கேரல் ரிஃப் 1989இல் உளநலத்தின் கூறுகளாகத் தன்னேற்பு, பிறருடன் நல்லுறவு, தற்சார்பு, சூழலைக் கையாளும் திறன், வாழ்வின் நோக்கம், ஆளுமை வளர்ச்சி ஆகிய ஆறினை வகுத்தார். கோரி கீஸ் 2002இல் உளநலத்தை ஒரு தொடர்கோடாகக் காட்டினார். அதன் ஒரு முனையில் செழித்தலும் மறுமுனையில் வாடுதலும் அமைகின்றன. வாடுதல் என்பது மனநோய் அன்று. வாழ்வில் உயிர்ப்பும் ஈடுபாடும் குன்றிய நிலையாகும்.

சான்றாக, முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒருவரைக் கருதலாம். அவர் நன்றாக உண்கிறார், உறங்குகிறார், நூலகத்திற்குத் தவறாது செல்கிறார். ஆயினும், எழுதி முடித்த இயலை நெறியாளரிடம் காட்ட இயலாமல் மாதக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்கிறார். எந்த மருத்துவக் கையேட்டிலும் இதற்கு நோய்ப்பெயர் கிட்டாது. ஆனால், ரிஃப் சுட்டிய தன்னேற்பும் வளர்ச்சியும் இங்குத் தடைப்பட்டுள்ளன. அன்றாட நலவாழ்வின் பொருட்டு உளவளத்துணை பயன்படும் இடம் இதுவே.

அறிவுரையிலிருந்து துணைக்கு

அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட உளவளத்துணை பற்றிய நூல் இத்துறையில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. உதவி தேடி வருபவரை 'நோயாளி' என்று அழைப்பதை அவர் தவிர்த்தார். தீர்வை வல்லுநர் வழங்க, வந்தவர் ஏற்றுக்கொள்ளும் முறையையும் மறுத்தார். தம் வாழ்வை நன்கு அறிந்தவர் வந்தவரே; அவர் அச்சமின்றித் தம்மை நோக்குவதற்குரிய உறவை அமைத்துத் தருவதே வல்லுநரின் பணி என்பது அவர் நிலைப்பாடு. 1957இல் வெளிவந்த கட்டுரையில், மாற்றம் நிகழத் தேவையான நிலைமைகளை அவர் வரையறுத்தார். அவற்றுள் உளவளத்துணையாளரிடம் அமைய வேண்டியவை மூன்று: பிறர் உள்ளத்தை அவர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளும் புறமும் ஒத்திருத்தல். அறிவுரை கூறும் ஆற்றல் இவற்றுள் ஒன்றன்று என்பது கருதத்தக்கது.

தமிழ்ச் சொல்வழக்கு

தமிழகத்தில் இப்பணி 'மனநல ஆலோசனை', 'உளவள ஆலோசனை' எனவும், பேச்சுவழக்கில் 'கவுன்சலிங்' எனவும் வழங்குகிறது. 'கவுன்சலிங்' என்ற சொல் பலர் நினைவிற்குக் கொண்டுவருவது பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வையே. 'ஆலோசனை' என்பதற்குச் சிந்தித்தல், கலந்தெண்ணுதல் என்னும் பொருள்கள் உண்டெனினும், இன்றைய வழக்கில் அறிவுரை என்னும் பொருளே மேலோங்கி நிற்கிறது. சட்ட ஆலோசனை, மருத்துவ ஆலோசனை ஆகிய தொடர்களில் அறிந்தவர் சொல்கிறார், அறியாதவர் கேட்கிறார். இதே எதிர்பார்ப்புடன் உளவளத்துணையாளரை அணுகுபவர், 'அவர் ஒன்றும் சொல்லவில்லை; என்னையே பேசவைத்தார்' என்று ஏமாற்றம் அடைய நேர்கிறது. அறிவுரை வேண்டாதவரோ, வீட்டிலும் துறையிலும் கேட்டது போதும் என்று செல்லாமலே இருந்துவிடுகிறார்.

இலங்கைத் தமிழில் இதற்கு 'உளவளத்துணை' என்னும் சொல் வழங்குகிறது. பணி செய்பவர் உளவளத்துணையாளர். நாடி வருபவர் துணைநாடி. இங்கு வளம் துணைநாடியின் உள்ளத்திற்கு உரியது. மற்றவர் அதற்குத் துணை நிற்பவர். நோய் என்ற குறிப்பும் இச்சொற்களில் இல்லை. ரோஜர்ஸ் விளக்கிய உறவுநிலையோடு இவை இயல்பாகப் பொருந்துகின்றன.

துணை என்றதும் அக இலக்கியத் தோழி நினைவுக்கு வருதல் இயல்பு. திருக்குறளின் 'நெஞ்சொடு கிளத்தல்' அதிகாரமும் தன் உள்ளத்தோடு தானே உரையாடும் மரபைக் காட்டுகிறது. எனினும், இவற்றைக் கொண்டு உளவளத்துணை பண்டைத் தமிழரிடம் இருந்தது எனக் கூறுதல் மிகைப்படக் கூறலாகும். தோழி தலைவியின் வாழ்வுக்குள்ளேயே இருப்பவள், அவளுக்காகச் செயல்படுபவள். உளவளத்துணையாளரோ அவ்வாழ்வுக்கு வெளியே நின்று, வரையறுத்த காலமும் நெறியும் கொண்ட தொழில்முறை உறவில் செவிமடுப்பவர்.

செயல்படும் முறை

முதற்சந்திப்பில் துணைநாடியின் நோக்கம், மறைகாப்பு, சந்திப்புகளின் கால அளவு ஆகியன பேசி முடிவு செய்யப்படுகின்றன. தனக்கோ பிறர்க்கோ உயிராபத்து நேரும் நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, பேசப்படுவது வெளியே செல்லாது. பொதுவாக வாரம் ஒருமுறை, ஏறத்தாழ 50 நிமிடங்கள் சந்திப்பு நடைபெறும்.

அணுகுமுறைகள் பல உள்ளன. ஏரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிதல்வழிச் சிகிச்சை, தானாக எழும் எண்ணங்களை எடுத்துச் சோதிக்கப் பயிற்றுவிக்கிறது. மேற்கூறிய ஆய்வாளரிடம் 'இயலில் பிழை இருந்தால் நான் தகுதியற்றவன்' என்னும் எண்ணம் இருக்கலாம். அதற்குரிய சான்றுகளையும் எதிர்ச்சான்றுகளையும் அவரே எழுதிப் பார்க்கிறார். பின்னர், முழுமையாகத் திருத்தாத 5 பக்கங்களை நெறியாளரிடம் கொடுத்து, விளைவை நோக்குகிறார். ரோஜர்ஸ் வழியினர் அவ்வச்சத்தையே விரிவாகப் பேச இடமளிப்பர். வழிகள் வேறுபடினும், முடிவெடுப்பவர் துணைநாடியே.

எல்லைகள்

உளவளத்துணை எல்லார்க்கும் எப்போதும் தேவையானதன்று. நல்ல நட்பும் ஓய்வும் போதுமான இடங்கள் பல. கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், மெய்ம்மையோடு தொடர்பறுதல் ஆகிய நிலைகளில் மனநல மருத்துவரின் உதவி இன்றியமையாதது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். பயிற்சியளவில் பெரிதும் வேறுபட்ட பலர் 'ஆலோசகர்' என்னும் பெயரைப் பயன்படுத்துவதால், கல்வித் தகுதியையும் பயிற்சியையும் கேட்டறிதல் துணைநாடியின் உரிமை.

மற்றோர் எல்லை சமூகம் சார்ந்தது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமையால் கலங்கும் ஆய்வாளருக்குத் தேவை உதவித்தொகை. நிறுவனத்தின் குறையைத் தனிமனித உள்ளத்தின் குறையாக மாற்றிக் காட்டுவதற்கு உளவளத்துணை கருவியாகிவிடலாகாது.

முடிவுரை

உளநலம் நோயின்மையினும் விரிந்தது. எனவே நோயற்றவரும் உளவளத்துணையை நாடுதல் பொருத்தமுடையதே. அது அறிவுரை பெறும் இடமன்று; தன்னைத் தான் நோக்குவதற்குத் துணை பெறும் இடம். 'ஆலோசனை' என்னும் சொல் இவ்வேறுபாட்டை மறைக்க, 'துணை' அதனைப் புலப்படுத்துகிறது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இச்சொல்லை ஏற்பது பயன் தரும். 'உனக்குக் கவுன்சலிங் தேவை' என்று பேராசிரியர் கூறுவது மாணவர் செவியில் தண்டனையாக ஒலிக்கக்கூடும். துணை பெறுதல் என்பது அவ்வாறு ஒலிப்பதில்லை. சொல் மாறினால் மட்டும் தயக்கம் முற்றிலும் நீங்கிவிடாது. எனினும், அறைக்கதவைத் தட்டலாமா என்று தயங்கி நிற்பவர்க்கு உள்ளே காத்திருப்பது தீர்ப்பு அன்று என்பதை அது முன்கூட்டியே உணர்த்தும்.