இஞ்சினோடு கூட வரவேண்டிய பேச்சு

பழைய நீராவி இஞ்சின்களைக் கட்டி மேய்க்கும் ஆர்வலர்களும், வீட்டுக் கொட்டகையில் சின்ன விமானம் கட்டிப் பறந்தவர்களும் பேச உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிசுகளின் பழம்பெருமை. அதில் பாதி பெருமைதான், மறுக்கவில்லை. மீதிப் பாதியோ எந்த வரைபடத்திலும் ஏறாத தொழில் விவரம். அது கைமாறாமல் நின்றுபோனால் இயந்திரம் அரைகுறை. சில சமயம் ஆளையே கொல்லும்.

பிரிட்டனில் ஆர்தர் பெப்பர்கார்ன் வடிவமைத்த ஏ1 ரக இஞ்சின்கள் 1948-49இல் 49 செய்யப்பட்டன. 1966க்குள் அத்தனையும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. 1990இல் ஆர்வலர்கள் சிலர் ஐம்பதாவதைப் புதிதாகவே செய்துவிடுவது என்று கிளம்பினார்கள். மூல வரைபடங்கள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தன. இருந்தும் ‘டொர்னாடோ’ தண்டவாளத்தில் நகர 2008 ஆயிற்று. பணத்தட்டுப்பாடு ஒரு காரணம். இன்னொன்று, அவ்வளவு பெரிய பாய்லர் செய்யும் இடமே அந்த நாட்டில் மிஞ்சவில்லை. நீராவி வேலையைக் கைவிடாமல் வைத்திருந்த ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையில்தான் பாய்லர் உருவானது. ஓட்டுவதோ தனி வித்தை. பாய்லரில் எவ்வளவு தண்ணீர் என்பதை, நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேனின் முகத்துக்கு நேரே இருக்கும் கண்ணாடிக் குழாய் காட்டும். வண்டி மேடு ஏறும்போது தண்ணீர் பின்னால் சாய்வதால் கண்ணாடி தாராளமாகவே காட்டும். மேட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடும். நெருப்பறையின் மேல்தகடு தண்ணீரில்லாமல் காயும். அதில் செருகியிருக்கும் ஈய பிளக் உருகி நீராவியைப் பீய்ச்சி எச்சரிப்பது கடைசிக் காவல். அந்த நிலை வராமலிருக்க எந்த மேட்டுக்கு முன்னால் எவ்வளவு தண்ணீர் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தடத்தில் ஓடியவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

விமானத்தில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது பர்ட் ரூட்டன் வடிவமைத்த ‘லாங்-ஈஸி’. வேறொருவர் வீட்டில் கட்டியதை அவர் வாங்கியிருந்தார். ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு எரிபொருளை மாற்றும் கைப்பிடி வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். எரிபொருள் குழாய் உட்காருமிடத்துக்குள் வரக்கூடாது என்ற அவருடைய நியாயம் தப்பென்று சொல்லிவிட முடியாது. ஆனால் கைப்பிடியில் எந்தக் குறியும் இல்லை. அதை எட்ட உடம்பைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது கால் தன்னையறியாமல் பெடலை அழுத்திவிடலாம். விசாரணை அறிக்கை இதையும், போதிய எரிபொருள் இல்லாமல் கிளம்பியதையும், புது விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததையும் சேர்த்தே சொன்னது. கட்டியவரின் தலைக்குள் இருந்த விஷயம் விமானத்தோடு முழுசாகக் கைமாறவில்லை.

நினைவை நம்பி இயந்திரம் ஓட்டலாமா, அது பொய் சொல்லுமே என்று கேட்பார்கள். சொல்லத்தான் செய்யும். 1930களில் பிரான்சின் ஆன்ரி மினியே ‘வானத்துப் பேன்’ என்று பெயரிட்ட குட்டி விமானத்தை வடிவமைத்து, யாரும் கட்டலாம் என்று 1934இல் புத்தகமே போட்டார். அவர் பறந்தது நிஜம், அவருடைய உற்சாகமும் நிஜம். நம்பிப் பறந்தவர்களில் பலர் செத்தார்கள். பிரிட்டனிலும் பிரான்சிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், மூக்கு ஓரளவுக்கு மேல் கவிழ்ந்தால் இரண்டு இறக்கைகளும் ஒன்றையொன்று கெடுத்து, விமானியால் நிமிர்த்தவே முடியாதபடி செய்வது தெரிந்தது. நல்லபடியாகத் தரையிறங்கியவர்களின் கதைகள் இதைச் சொல்லவில்லை. அவர்கள் அந்த எல்லையைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆக, நினைவு தனியாக நின்றால் போதாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்தப் பொழுதுபோக்குகளில் அது தனியாக நிற்பதும் இல்லை. கோவில் திருவிழா நினைவை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பாய்லரைப் பற்றிச் சொன்னதைத் தண்ணீர் அழுத்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானம் ஆளேற்றுவதற்கு முன் வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் சோதனையாகப் பறக்க வேண்டும். கட்டுக்கதைக்கு அங்கே ஆயுசு குறைவு.

கரி எரிப்பது இந்தக் காலத்துக்கு அடுக்குமா என்ற கேள்விக்கு இவ்வளவு சுலபமான பதில் என்னிடம் இல்லை. ஓடுகிற இஞ்சின்கள் கொஞ்சம்தான் என்பது பதிலாகாது, சால்ஜாப்பு. வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃபிரான் சுரங்கம் 2023இல் மூடியதும் பிரிட்டனின் பாரம்பரிய ரயில்கள் பல கரிக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதாயிற்று. தாவரக் கழிவைக் கலந்து முட்டை வடிவில் பிடித்த எரிபொருளையும் சிலர் போட்டுப் பார்க்கிறார்கள். நம் பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்குச் செய்த இஞ்சின்களில் சில எண்ணெயில் ஓடுகின்றன. எரிபொருள் மாறினால் நெருப்பின் குணமும் மாறுகிறது. எவ்வளவு கனமாகப் பரப்புவது, காற்றை எப்போது திறப்பது, புகையின் நிறம் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் ஃபயர்மேன்கள் இப்போது முதலிலிருந்து கற்று, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.