400 மைல் தாண்டிப் போன விமானம்!
இடம், இடப்பெயர்ச்சி, திசைவேகம்: ஒன்பது பேரின் உயிரைக் குடித்த கணக்கு

1958-ம் ஆண்டு. ஆப்பிரிக்காவில், லிபியா நாட்டுப் பாலைவனத்துக்கு மேலே எண்ணெய் தேடுகிறவர்கள் விமானத்தில் பறந்து கொண்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் மணல். அந்த மணலின் நடுவே ஒரு பெரிய விமானம் கிடந்தது!

1959-ல் தரை வழியாகப் போய்ப் பார்த்தார்கள். அது "லேடி பி குட்" என்ற அமெரிக்கக் குண்டு வீச்சு விமானம். 1943-ல், இரண்டாவது உலகப் போரின்போது காணாமல் போனது. கடலில் விழுந்து மூழ்கிவிட்டது என்றே அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடலிலேதான் தேடியும் பார்த்தார்கள்.

அது கிடந்த இடமோ, புறப்பட்ட தளத்திலிருந்து 400 மைலுக்கு மேல், பாலைவனத்துக்குள்ளே!

இது எப்படி நேர்ந்தது? பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் வருகிற மூன்று சொற்கள் தெரிந்தால் போதும், விடை புரிந்துவிடும்.

முதல் பயணம்

1943 ஏப்ரல் 4. லிபியாவின் கடற்கரையை அடுத்த சோலூக் தளத்திலிருந்து விமானம் கிளம்பியது. இத்தாலியில் உள்ள நேப்பிள்ஸ் நகரத் துறைமுகத்தைத் தாக்க வேண்டும். விமானத்தில் ஒன்பது பேர். தலைவர், விமானி வில்லியம் ஹாட்டன். அந்தக் குழுவுக்கு அதுதான் முதல் போர்ப் பயணம்.

நேப்பிள்ஸ் சுமார் 700 மைல் தூரம். போய்விட்டுத் தன்னந்தனியாகத் திரும்பியது விமானம். இருட்டு, கீழே எதுவும் தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் விமானத்தில் வழி பார்ப்பவர் என்ன செய்வார்? வேகத்தை நேரத்தால் பெருக்குவார். "இத்தனை மைல் வந்துவிட்டோம்" என்று படத்தில் புள்ளி வைப்பார்.

வேகம் தப்பானால் புள்ளியும் தப்பு!

காற்றின் வேலை

விமானத்தில் இருக்கும் வேகமானி, காற்றுக்குள் விமானம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்றுதான் காட்டும். அந்தக் காற்றே நகர்ந்து கொண்டிருந்தால்? அது வேகமானிக்குத் தெரியாது.

ஓர் உதாரணக் கணக்கு. விமானம் காற்றில் மணிக்கு 200 மைல் போகிறது. பின்னாலிருந்து 40 மைல் வேகத்தில் காற்று தள்ளுகிறது. அப்படியானால் தரைக்கு மேலே அதன் வேகம் 240 மைல். 700 மைல் கடக்க மூன்றரை மணி நேரம் ஆகும் என்று எண்ணியிருந்தவர், 2 மணி 55 நிமிடத்திலேயே தளத்துக்கு மேலே வந்திருப்பார். "இன்னும் 35 நிமிடம் இருக்கிறது" என்று பறந்தால், 140 மைல் தாண்டிப் போய்விடுவார்!

லேடி பி குட்டையும் பின்காற்றுதான் இப்படித் தள்ளியிருக்க வேண்டும் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

காற்று பக்கவாட்டில் அடித்தால் என்ன ஆகும்? ஆற்றில் போகும் ஓடத்தை நினைத்துப் பாருங்கள். ஓடக்காரர் எதிர்க்கரையை நோக்கி மணிக்கு 4 மைல் வேகத்தில் துடுப்புப் போடுகிறார். நீரோட்டம் 3 மைல் வேகத்தில் குறுக்கே இழுக்கிறது. ஓடத்தின் வேகம் 7 மைலா? இல்லை! நாலை நாலால் பெருக்கினால் 16, மூன்றை மூன்றால் பெருக்கினால் 9, கூட்டினால் 25. அதன் வர்க்கமூலம் 5. ஓடம் மணிக்கு 5 மைல் வேகத்தில், சாய்வாகப் போகிறது. இப்படித் திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகத்துக்குத்தான் திசைவேகம் என்று பெயர்.

கோடு வேறு, இடம் வேறு

நள்ளிரவு தாண்டியதும் ஹாட்டன் வானொலியில் உதவி கேட்டார். பெனினா நிலையம் "330 பாகை" என்று பதில் சொன்னது. அதாவது, விமானம் நிலையத்துக்கு வடமேற்கே, கடல் பக்கம் இருக்கிறது என்று பொருள்.

ஆனால், அந்தக் காலத்துக் கருவியில் ஒரு குறை. விமானம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. 330 பாகையும், நேர் எதிரே உள்ள 150 பாகையும் ஒரே கோடு அல்லவா? விமானம் தளத்தைத் தாண்டித் தென்கிழக்கே போயிருந்தாலும் அதே பதில்தான் வரும்!

ஒரு சமதளத்தில் ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு? அல்லது எந்தத் திசை, எவ்வளவு தூரம்? ஹாட்டனுக்குக் கிடைத்தது ஒன்றுதான். அதிலும் முன் பின் தெரியவில்லை. கடல் இன்னும் முடியவில்லை என்று நம்பி, இரவு 2 மணி வரை பறந்தார்கள். பெட்ரோல் தீர்ந்து வந்தது. ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்தார்கள்.

1,800-ம் 410-ம்

விமானம் விழுந்த இடம், சோலூக்கிலிருந்து தெற்கே சுமார் 340 மைல். கிழக்கே சுமார் 230 மைல். ஓடத்துக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டால், நேர்க்கோட்டில் சுமார் 410 மைல் வரும். திசை தென்கிழக்கு. இதுதான் இடப்பெயர்ச்சி.

பறந்த தூரமோ, போக 700, வர 700, அப்புறம் 410. ஆக 1,800 மைலுக்கு மேல்! ஒழுங்காகத் தளத்தில் இறங்கியிருந்தால் பறந்த தூரம் 1,400 மைல், இடப்பெயர்ச்சி சுழி. தூரம் என்பது நடந்த பாதை. இடப்பெயர்ச்சி என்பது புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி, திசையோடு.

எட்டு நாள் நடை

குதித்தவர்களில் ஒருவர் பாராசூட் சரியாக விரியாமல் இறந்தார். மற்ற எட்டுப் பேரும் ஒன்று சேர்ந்தார்கள். தளம் பக்கத்தில்தான் இருக்கும் என்று எண்ணி வடமேற்கே நடந்தார்கள். கையில் அரைக் குடுவைத் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி! துணை விமானி ராபர்ட் டோனர் நாட்குறிப்பு எழுதி வந்தார். ஏப்ரல் 12-ந் தேதியோடு அது நின்றுவிட்டது.

1960-ல் ஐந்து பேரின் உடல்கள், விமானம் கிடந்த இடத்துக்கு வடக்கே சுமார் 80 மைலில் கிடைத்தன. இன்னும் இருவர் அதற்கும் அப்பால் நடந்து போயிருந்தார்கள். ஒருவர் உடல் கிடைக்கவே இல்லை.

அவர்கள் குதித்த இடத்துக்குத் தெற்கே, சுமார் 16 மைல் தூரத்தில்தான் விமானம் இறங்கிக் கிடந்தது. அதில் தண்ணீர் இருந்தது. வானொலியும் இருந்தது. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் தெரிந்திருந்தால், அந்த எட்டுப் பேரும் வேறு பக்கம் திரும்பியிருப்பார்கள்.

இன்று கைப்பேசியே செயற்கைக்கோள்களைக் கேட்டு, அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களையும் சொல்லிவிடுகிறது. ஆனாலும் பரீட்சையில் கணக்குப் போடும் மாணவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பேனாவைத் தொடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே இருக்கிறது? எவ்வளவு, எந்தப் பக்கம் நகர்ந்தது? என்ன வேகம், எந்தத் திசையில்? "எந்தப் பக்கம்" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்!