வேப்பமரத்தடியில் உட்காரும் பிள்ளைகள்

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலம். விரலி ஒரு விலை, உருண்டை ஒரு விலை, பனங்காளி ஒரு விலை. மூட்டைக்குள் கையை விட்டு அளைந்து பார்த்தே தரம் சொல்லிவிடுவார்கள். மஞ்சளுக்குச் சரி. வளர்கிற பிள்ளைகளையும் அதே கண்ணால்தான் பார்க்கிறோம்.

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. பி.டி. பீரியடு வந்தால் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். “முடியலைங்க மிஸ்” என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். வலி நேர அட்டவணைப்படி வருவதை அக்காதான் கண்டுபிடித்தாள். துருவிக் கேட்டதும் அழுகையோடு வந்தது விஷயம். அவள் ஓடும்போது பின்னாலிருந்து “ரோடு ரோலர் வருது, ஒதுங்குங்கடா” என்று கத்துகிறார்களாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் ஓடவிட்ட பி.டி. ஆசிரியரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

இவள் ஒருத்தி கதையில்லை. ஒல்லியான பையனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். வயதுக்கு வந்த பெண், ஓவர்கோட் விலகுமோ, பாவாடையில் கறை பட்டிருக்குமோ என்ற பயத்திலேயே ஓடாமல் நிற்கிறாள். வீட்டில் நாமும் சளைத்தவர்களா? “வெயில்ல நின்னு கறுத்துப்போயிட்டே” என்று பாட்டி சொல்வது கேலிக் கணக்கில் வருவதேயில்லை.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் வேர்க்க ஆடவேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து அது வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவுக்கு ஆடுவதில்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். கூச்சத்தில் ஒதுங்குகிற பிள்ளை அதோடு நிற்பதில்லை. சோற்றைக் குறைக்கிறது, யூடியூப் பார்த்துப் பட்டினி கிடக்கிறது, மருத்துவர் சொல்லாமலே ஸ்டீராய்டு கலந்த கிரீமை முகத்தில் பூசுகிறது. பையன் என்றால் ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடரைக் கரைத்துக் குடிக்கிறான்.

ஓடினால் மூச்சு வாங்குவதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடவும் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். மாதவிடாய் நாளில் விளையாடவே கூடாது என்று மருத்துவம் சொல்லவில்லை. முடியாத நாளில் காரணத்தை எல்லோர் முன்னும் சொல்லவைக்காமல் உட்காரவிடுவதுதான் முறை.

இனிச் சட்டம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இது தனியார் பள்ளிக்கும் பொருந்தும். அந்தச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் அதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75 இருக்கிறது. பொறுப்பில் இருப்பவரே 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேவையற்ற மன வேதனையோ உடல் வேதனையோ கொடுத்தால் சிறைத்தண்டனைவரை போகலாம். கேலி பாலியல் சாயலில் இருந்தாலோ, ‘பயிற்சி’ என்ற சாக்கில் தேவையில்லாமல் தொட்டாலோ அது போக்சோ. அங்கே சமரசப் பேச்சுக்கு இடமே கிடையாது, விஷயம் தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆகவேண்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளையை “நீ ஸ்கோர் எழுதுப்பா” என்று உட்காரவைப்பதும் தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16 விளையாட்டிலும் சம வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறது. நமக்குப் பக்கத்துச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அவரை உயரம் தாண்டும் கம்பிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

புகார் என்றதும் பலர் பயப்படுகிறார்கள், பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்று. நியாயமான பயம். அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். என்ன தேதி, என்ன வார்த்தை, யார் உடனிருந்தார்கள் என்று நாலு வரி போதும். தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான், அங்கே வையுங்கள். நகராவிட்டால் பள்ளிக்கல்வி உதவி எண் 14417. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, பிள்ளையே கூப்பிடலாம். மனசு ரொம்ப உடைந்திருந்தால் மனநல உதவி எண் 14416.

அக்கா எழுதிக் கொடுத்தாள். அந்த ஆசிரியர் முதலில் “விளையாட்டுக்குத்தானுங்க சிரிச்சேன்” என்றார். பிறகு பையன்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஓட்டத்துக்குப் பதில் எது வேண்டும் என்று அவளையே கேட்டிருக்கிறார். வளையப்பந்து என்றாளாம். இறுக்கிப் பிடித்த டிராக் பேண்டைப் பிரித்துத் தைக்க டெய்லரிடம் அறுபது ரூபாய் ஆனது. போன வாரம் மறுபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வளையம் பிடிக்கப்போய் விரல் சுளுக்கிக்கொண்டதாம்.