வேதாளத்துக்கு ஏற்ற துணி

உருவிய வாளைக் கையிலேந்தி, தோளிலே வேதாளம் புகுந்த பிணத்தைச் சுமந்தபடி, நள்ளிரவில் மயானத்தின் வழியே அஞ்சாமல் நடந்து செல்லும் விக்கிரமாதித்தனை நினைக்கும்போதெல்லாம், அம்புலிமாமா சிறுவர் இதழை வாசித்து வளர்ந்த நம் தலைமுறைகளின் கண்முன் தோன்றுவது ஒரே சித்திரந்தான். அதைத் தீட்டிய சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரன், தாராபுரம் வட்டாரத்துக் காரத்தொழுவு கிராமத்தில் 1924இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்தவர். 2020இல் தமது 96ஆம் வயதில் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பதினொன்றாம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில்; நம் பக்கத்துக்கு வரும்போது அது முருங்கைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சங்கர் பிறந்த சீமையிலிருந்து மூலனூர் வரை முருங்கைத் தோட்டங்கள் நிறைந்திருப்பதை நினைத்தால், வேதாளமும் கொங்குநாட்டுப் பிரஜைதான் என்று உரிமை கொண்டாடத் தோன்றுகிறது.

அந்த வேதாளத்தையும் அதைச் சுமக்கும் அரசனையும் துணியில், கையாலேயே தைத்து ஒரு குழந்தையின் கையில் கொடுப்பது எப்படி என்பதே இங்கே விஷயம். களிமண்ணோ மரமோ இதற்கு உதவாது. சுமப்பவன் நிமிர்ந்து நிற்கவும் சுமக்கப்படுவது துவண்டு தொங்கவும் வேண்டும். ஒரே கைவேலைக்குள் இந்த இரண்டு சுபாவங்களையும் கொண்டுவரக்கூடிய பொருள் துணி ஒன்றே. அதிலும் இரண்டு உருவங்களுக்கும் இரண்டு வெவ்வேறு துணிகள் தேவை. அவ்விரண்டும் கோயம்புத்தூரிலிருந்து ஓரிரு மணி நேரப் பிரயாணத்துக்குள் கிடைக்கின்றன.

அரசனுக்கு வேண்டியது காடாத் துணி. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிகளில் நெய்யப்படும் இத்துணியில், நீளவாட்டில் பாவு நூலும் குறுக்கே ஊடை நூலும் ஒன்றன்மேல் ஒன்றாய் மாறிமாறிச் செல்வதால், நேர்வாட்டில் இழுத்தால் அது ஏறக்குறைய அசையாது. மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் கொஞ்சம் இளகும். ஆகவே அரசனின் முதுகும் கால்களும் பாவின் போக்கிலேயே வெட்டப்பட வேண்டும். நெசவுக்காக ஏற்றிய கஞ்சி போகவும், சுருங்குவதெல்லாம் முன்னதாகவே சுருங்கிவிடவும், வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை அலசிக் காயவைப்பது அவசியம்.

வேதாளத்துக்கோ திருப்பூர்ப் பனியன் துணி. அங்கே பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் கண்ணிகண்ணியாய் வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணிக்குள் புகுந்து பின்னப்படுகிறது. இழுத்தால் கண்ணிகள் உருமாறி இடம் கொடுக்கின்றன, விட்டால் பெரும்பாலும் பழைய வடிவுக்குத் திரும்புகின்றன. அந்த நெகிழ்ச்சிதான் உயிரற்ற கையும் காலும் தொங்குகிற தொய்வை நமக்குத் தருகிறது. கம்பெனிகளின் வெட்டுமேசையில் மிஞ்சி, மூட்டைமூட்டையாய் விலைபோகும் பனியன் வேஸ்ட்டே இதற்குப் போதும். கூரிய ஊசி மட்டும் கூடாது; நூலைக் குத்தி அறுத்தால் ஒரு கண்ணி விட்டு, அதன் வழியே ஓட்டை ஓடிக்கொண்டே போகும். கண்ணிகளை விலக்கிக்கொண்டு நுழையும் மழுங்கிய முனையுள்ள ஊசியே தகுந்தது.

காகிதத்தில் உருவம் வரையும்போது புதிதாய்த் தைப்பவர்கள் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்றுண்டு. தட்டையான இரண்டு துண்டுகளை ஓரம் மூட்டி உள்ளே பஞ்சு திணித்ததும் அது உருளையாகிறது; துண்டின் அகலத்தைப் போல் இரண்டு பங்கே அந்த உருளையின் சுற்றளவாதலால், மூன்று அங்குல அகலத்தில் வெட்டிய கை, நிரம்பிய பிறகு குறுக்கே இரண்டு அங்குலங்கூட இராது. எந்த அங்கம் எவ்வளவு பருமனாக வேண்டுமோ, அதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாய் வரைந்து, தையலுக்கென்று கால் அங்குலம் சேர்த்து வெட்டுவதே முறை. தலையை வட்டமாக வரைந்துவிட்டு அது ஏன் அப்பம்போல் வந்தது என்று வியப்பவர்களுக்கும் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

துணியின் நல்ல பக்கங்கள் உள்ளே முகம்பார்க்க வைத்து, பின்தையல் போட வேண்டும். ஊசி ஒரு தையல் தூரம் முன்னே சென்று பாதி தூரம் பின்னே வந்து மறுபடியும் முன்னேறும் இத்தையலில், நூல் அடிப்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து செல்வதால், குழந்தை எவ்வளவு இழுத்தாலும் மூட்டு எளிதில் வாய் திறப்பதில்லை. கழுத்திலும் அக்குளிலும் வளைவு வரும் இடங்களில், தையலைத் தொடாமல் ஓரத்துணியில் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான், திருப்பிய பின் அந்த வளைவுகள் சுருக்கமின்றி அமையும். பக்கவாட்டில் விட்ட இரண்டங்குலத் திறப்பின் வழியே உருவத்தைப் புரட்டி எடுக்க வேண்டும்.

இனித் திணிப்பு, எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிரியமான கட்டம் இதுதான். எகிப்தில் கண்டெடுக்கப்பட்டு இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ரோமானியர் காலத்துத் துணிப்பொம்மை ஒன்றின் உள்ளே, கந்தல்களும் பாப்பிரஸ் துண்டுகளும் இருக்கின்றன. அந்தந்தத் தேசத்தில் மிஞ்சிய பொருளே எக்காலத்திலும் பொம்மையின் சதையாகிறது. நமக்கு மிஞ்சுவது பஞ்சு. நல்ல நூலுக்காக நீண்ட இழைகளைச் சீவியெடுத்துக்கொள்ளும் மில்களில் ஒதுக்கப்படும் குட்டையிழைப் பஞ்சை, பிடிபிடியாகப் பிய்த்து உதறி, விரல்நுனியிலிருந்தும் பாதத்திலிருந்தும் தொடங்கி, மழுங்கிய பென்சிலால் தள்ளித்தள்ளி அடைக்க வேண்டும். அரசனின் கழுத்தில் இறுக்கிச் செறிவாக அடைக்காவிட்டால், தலையின் பாரம் குறுகிய அவ்விடத்தை மடக்கிவிடும். வேதாளத்துக்கு முறையே வேறு: தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய மூட்டுகளில் பஞ்சே இல்லாமல் விட்டு, இடைப்பட்ட அங்கங்களை மட்டும் இளக்கமாக நிரப்பினால், தூக்கியதும் அதன் கைகால்கள் தாமாகவே சரிந்து விழும்.

கூந்தலுக்குப் பனியன் துணியே ஓர் அழகான உபாயத்தை வைத்திருக்கிறது. வெள்ளைத் துணியைக் குறுக்குவாட்டில் அரை அங்குல நாடாக்களாக வெட்டி, இரு முனையையும் பிடித்து ஒருமுறை இழுத்தால், ஓரங்கள் தாமே உள்ளே சுருண்டு உருண்ட கயிறுகளாகிவிடும். அவற்றை உச்சந்தலையில் நெருக்கமாய்த் தைத்தால் வேதாளத்தின் நரைத்த சடை. கண்ணுக்குப் பொத்தான் வைக்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும், சிறு குழந்தைகள் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. கறுப்பு நூலால் கண்ணைப் பூவேலையாய்த் தைத்துவிடுவதே உத்தமம். வேதாளத்தின் கண் கேள்வி கேட்கிற கண். ஒரு புருவத்தை மற்றதைவிடச் சற்று உயரத் தைத்தால் அந்தப் பாவம் வந்துவிடுகிறது.

தோளில் ஏற்றும்போது அரசனின் முதுகுப்புறம் தொங்கும் தலையும் மார்புப்புறம் தொங்கும் கால்களும் எடையில் ஏறக்குறைய ஒத்திருந்தால், வேதாளம் எந்தக் கட்டுமின்றி நிலைத்திருக்கும். கூந்தலால் தலை கனத்தால், பாதங்களில் இன்னொரு பிடி பஞ்சு சேர்க்கலாம். கடைசியாக, கால்கள் இரண்டும் சேருமிடத்தில் துணிக்காது ஒன்று தைத்துவைக்க வேண்டும். வேதாளம் சொல்லும் கதை முடிந்து, அதன் கேள்விக்கு விடை சொல்ல அரசன் வாய் திறந்தவுடன், குழந்தையே வேதாளத்தை எடுத்து ஜன்னல் கொக்கியில் தலைகீழாக மாட்டிவிட்டு, அரசனை மறுபடியும் வாசலிலிருந்து நடத்திக்கொண்டு வரும்.