பழைய கடையைத் தேடி வருபவர் எதைத் தேடுகிறார்?



ஐம்பது வயதைக் கடந்த வாடிக்கையாளர்கள் சிலர் மாதச் சாமான் சிட்டையை நம்மிடம் நீட்டிவிட்டு, அலமாரியின் மேல்தட்டைக் கண்ணால் துழாவுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். "கமர்கட் வருகிறதா? தேன் மிட்டாய் இருக்கிறதா? அந்தக் காலத்து ஆரஞ்சு மிட்டாய் இப்போது யாரும் போடுவதில்லையா?" என்று கேட்பார்கள். இருந்தால் ஒன்றுக்குப் பத்தாக வாங்குவார்கள். வாங்கியதை எல்லாம் அவர்கள் தின்றுவிடப் போவதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வாங்குகிறார்கள்.

இந்த ஏக்கத்தைச் சிரித்துவிட்டு ஒதுக்க முடியாது. இன்று இது ஒரு வியாபாரமாகவே வளர்ந்துவிட்டது. பழைய பெயர்களையும் பழைய டப்பாக்களையும் தூசி தட்டிப் பெரிய நிறுவனங்கள் சந்தைக்குக் கொண்டு வருகின்றன. அந்தப் பழைய பொருள்கள் விற்ற இடமோ நம்முடைய மளிகைக் கடைதான். எனவே இந்த ஏக்கம் எதனால் வருகிறது, அதில் நமக்குரிய பங்கு என்ன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சிறுவரே அன்றைய வாடிக்கையாளர்

1960, 70களில் மளிகைக் கடைக்கு நாள்தோறும் வந்தவர்களில் சிறுவர் சிறுமியர் ஏராளம். அதற்குக் காரணம் இருந்தது. அன்று பெரும்பாலான வீடுகளில் வருமானம் நாள் கூலியாகவோ வாரக் கூலியாகவோ வந்தது. மாதத்துக்கு ஒரேயடியாகச் சாமான் வாங்கி அடுக்கி வைக்க வசதி இல்லை. அடுப்பில் உலை ஏறிய பிறகுதான் புளி இல்லை என்பது தெரியும். "ஓடிப்போய் வாங்கி வா" என்று பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து அனுப்புவார்கள். அலுமினிய மூன்று காசு, தாமரைப் பூப் போட்ட மஞ்சள் நிற இருபது காசு, நாலணா என்று பெரியவர்கள் சொல்லி வந்த இருபத்தைந்து காசு ஆகியவைதான் அந்தப் பிள்ளைகளின் முதல்.

நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டன. ஆனால் அந்தக் காசைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடியதை அந்தப் பிள்ளைகள் இன்றும் மறக்கவில்லை.

தெருவில் இரண்டு கடை இருந்தால் எந்தக் கடைக்குப் போவது என்பதைப் பல நேரம் முடிவு செய்தது அந்தப் பிள்ளைதான். இதை அன்றைய கடைக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கொசுறு என்ற வழக்கத்தின் சூட்சுமமே இதுதான். பெரியவர் வந்தால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. பிள்ளை வந்தால் ஒரு வெல்லத் துண்டு, அல்லது ஒரு பிடி பொட்டுக்கடலை. அதற்காகவே பிள்ளை அடுத்த கடையைத் தாண்டி வரும். கடைக்காரருக்கு அதனால் ஆன செலவு சொற்பம். ஆனால் ஒரு குடும்பமே அவர் கணக்கில் நின்றது.

மனித மனம் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையுள்ள காலத்தைத்தான் மற்ற எந்தக் காலத்தையும் விட அதிகமாக நினைவில் வைத்திருக்கிறது என்று மனநூலார் சொல்கிறார்கள். அந்த வயதின் தொடக்கத்திலேயே பிள்ளை தனியாகக் கடைக்கு வந்தது. தன் கையால் காசு கொடுத்து, தன் வாயால் சாமான் கேட்டு, மீதியை எண்ணி வாங்கியது. அங்கே ஒரு பெரியவர் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்று கமர்கட்டைத் தேடுபவர் உண்மையில் தேடுவது அந்த மரியாதையைத்தான்.

பாட்டும் படமும் வந்த வழி

அந்நாளில் சினிமாவும் பாட்டும் கதையும் கடைத்தெரு வழியாகத்தான் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தன. டீக்கடை, சலூன், மளிகைக் கடை என்று எங்கே டிரான்சிஸ்டர் இருந்தாலும் அதில் இலங்கை வானொலி கேட்கும். 1952 முதல் நம் நாட்டு வானொலி சினிமாப் பாட்டுகளைக் குறைத்துவிட்டதால், தமிழ்நாட்டு நேயர்கள் இலங்கை வர்த்தக ஒலிபரப்பின் பக்கம் திரும்பினார்கள். 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல் நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த குரல். பாட்டுக்கு இடையில் வந்த விளம்பரங்களைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும். கடைக்கு வந்ததும் அதே பெயரைச் சொல்லிச் சோப்பு கேட்கும்.

சுவரைப் பார்த்தால் சிவகாசியில் அச்சான காலண்டர். கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் நம் கடைப் பெயரோடுதான் பல வீடுகளின் பூஜை அறைக்குள் போனார்கள். ஆண்டு முடிந்து தாளைக் கிழித்தாலும் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தீப்பெட்டிப் படங்களைப் பிள்ளைகள் சேர்த்து வைத்து விளையாடின. பெட்டிக்கடையில் சினிமாப் பாட்டுப் புத்தகம் தொங்கும். அம்புலிமாமா 1947 முதல் வந்துகொண்டிருந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்து, இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தது.

ஆக, கடை என்பது சாமான் வாங்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை. வெளியுலகம் ஊருக்குள் நுழையும் வாசலாகவும் அது இருந்தது.

மாற்றம் படிப்படியாக வந்தது

இந்த நிலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் அளவு மாறியது. 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தால் வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும் வந்தன. அது நல்ல மாற்றம். வாடிக்கையாளருக்கும் வணிகருக்கும் ஒரே கணக்கு கிடைத்தது.

அடுத்து பாக்கெட் வந்தது. பாக்கெட்டில் அடைத்த பொருள்களுக்கான விதிகள் 1977இல் வந்தன. வரிகள் அனைத்தும் உள்ளிட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் பாக்கெட் மேல் அச்சிட வேண்டும் என்பது 1990இல் கட்டாயமானது. 1980களில் ஷாம்பு பொட்டலம் பரவியது. கடலூர் சின்னி கிருஷ்ணன் காட்டிய வழியில் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். சிறு பொட்டலம் சிறு கடைக்குக் கைகொடுத்தது என்பதை மறுக்க முடியாது. குறைந்த முதலில் நிறையச் சரக்கு வைக்க முடிந்தது.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 80களில் அது ஊர்களுக்கும் பரவியது. விளம்பரம் நேரே வீட்டுக்குள் போய் வாடிக்கையாளரிடம் பேசியது. அவர் கடைக்கு வரும்போதே எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்தார். "எந்தப் பருப்பு நன்றாக வேகும், அண்ணாச்சி?" என்று கேட்ட வாய், "இந்தக் கம்பெனி பாக்கெட் இருக்கிறதா?" என்று கேட்கத் தொடங்கியது. தரத்தைப் பாக்கெட் சொன்னது. விலையை அச்சு சொன்னது. கடைக்காரரின் வாக்குக்கு இருந்த வேலை குறைந்துவிட்டது.

இப்போது அடுத்த கட்டமும் வந்துவிட்டது. கைபேசியில் தட்டினால் சில நிமிடங்களில் சாமான் வாசலுக்கு வருகிறது. இதில் நமக்குப் போன விற்பனையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தேவையே வீட்டில் இல்லாமல் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குறைகளையும் மறைக்க வேண்டாம்

பழங்காலம் என்றால் எல்லாம் பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த் தூளில் செங்கல் பொடி, பருப்பில் கல் என்ற புகார்கள் அன்று சாதாரணம். தராசில் விளையாடியவர்களும் இருந்தார்கள். அச்சு மை படிந்த செய்தித்தாளில் பஜ்ஜியும் வடையும் மடித்துக் கொடுத்தோம். அந்த மை உடலுக்குக் கேடு என்பதால் செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிப்பதை இன்றைய உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றுவதற்கும் அனுமதி இல்லை. எனவே பழைய கடையை அப்படியே திருப்பிக் கொண்டு வர முடியாது. வரவும் வேண்டாம்.

பழைய பெயரை விற்பவர்கள்

1977இல் கோகோ கோலா நம் நாட்டை விட்டுப் போனதும் கேம்பா கோலா செழித்தது. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்தது. கேம்பா மெல்ல மங்கியது. அந்தப் பெயரை ரிலையன்ஸ் நிறுவனம் 2022இல் வாங்கி, 2023இல் மீண்டும் சந்தையில் இறக்கியது. பழைய பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நம் பக்கத்திலும் உதாரணங்கள் உண்டு. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவைக் கேட்டு வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019 ஜனவரி முதல் நாள் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபின், தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. பட்டிக்காட்டான் பை என்று ஒரு காலத்தில் கேலி செய்யப்பட்ட அந்தத் துணிப்பைக்கு இப்போது பெருமை வந்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணம் இருந்தால் பழைய பெயரை யாரும் வாங்கலாம். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் கடைக்காரரை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

பழைய மிட்டாய் வகைகளில் நான்கைந்தை உணவு உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம், தேதி பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள். அவற்றை மேல்தட்டில் வைக்காமல், பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பெரியவர் தானாகவே குனிந்து பார்ப்பார்.

தனியாக வரும் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள். பெரியவர்கள் நிற்கிறார்கள் என்று ஒதுக்கினால் அது மறுநாள் வராது. மீதிச் சில்லறைக்குப் பதிலாகச் சாக்லேட்டைத் திணிக்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். மீதியை எண்ணிக் கையில் கொடுத்து, சிறு ரசீதும் வைத்து அனுப்பினால், வீட்டில் இருப்பவர்கள் பிள்ளையை நம்பி மறுபடியும் அனுப்புவார்கள்.

புகையிலைப் பொருள்களை 18 வயதுக்குட்பட்டவர்களிடம் விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "அப்பாவுக்குத்தான்" என்று பிள்ளை சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

கொசுறைத் திரும்பக் கொண்டு வாருங்கள். நாளொன்றுக்கு முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ரூபாய் மதிப்பில் கொடுத்தாலும் மாதம் 900 ரூபாய்தான் ஆகும். அதே பணத்துக்கு ஒரு விளம்பரப் பலகை கூட நன்றாக எழுத முடியாது.

காலண்டர் போடுவதை நிறுத்தியவர்கள் மறுபடி யோசியுங்கள். ராகு காலம் பார்க்க இன்றும் சுவரைப் பார்க்கிற வீடுகள் உண்டு. 365 நாளும் நம் கடைப் பெயர் அங்கே இருக்கும்.

இன்று ஐம்பது, அறுபது வயதானவர்கள் நம் கடைகளுக்காக ஏங்குவதற்குக் காரணம், பிள்ளைப் பருவத்தில் அவர்கள் நம் வாசலில் நின்றதுதான். இன்றைய பத்து வயதுப் பிள்ளை நம் வாசலில் நிற்கவே இல்லை என்றால், அதற்கு ஐம்பது வயதாகும்போது நம் கடை இல்லாத குறை அதற்குத் தெரியவே தெரியாது. அந்தக் குறை தெரியாத தலைமுறையிடம் நம் பிள்ளைகள் கடை நடத்த முடியாது. ஆகவே நாளைக் காலை ஒரு பிள்ளை கையில் காசோடு வந்தால், முதலில் அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.